13 ஆர்கான் அணுக்கள்: வெப்பநிலை ஏன் இப்படித் தாவுகிறது?

கேள்வி:
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக 13 ஆர்கான் அணுக்கள் கொண்ட கொத்து ஒன்றை சிமுலேஷன் செய்கிறேன். லெனார்ட்-ஜோன்ஸ் விசை (தூரத்தில் அணுக்கள் ஈர்க்கும், மிக நெருங்கினால் தள்ளும்), நேரப் படிக்கு 5 ஃபெம்டோசெகண்ட், தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு) கிடையாது. மொத்த ஆற்றல் அசையவே இல்லை. ஆனால் வெப்பநிலையை ஆயிரம் படிக்கு ஒருமுறை சராசரி எடுத்தாலும், கொஞ்ச நேரம் 32 கெல்வினில் இருக்கிறது, திடீரென 23-க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் திரும்ப ஏறுகிறது. கோடில் பிழையா? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
வெப்பநிலையைக் கணக்கிட இயக்க ஆற்றலை எதால் வகுக்கிறீர்கள்? உந்தம், கோண உந்தம் இரண்டையும் ஆரம்பத்தில் சுழியாக்கினீர்களா?

கேட்டவர்:
ஆமாம், சுழியாக்கினேன். 3 × 13 = 39-ஆல் வகுக்கிறேன்.

பதில் 1:
அது ஒரு தவறு. கொத்து முழுவதன் இடப்பெயர்ச்சிக்கு 3, சுழற்சிக்கு 3 போனால் மிச்சம் 33 சுதந்திர இயக்கக்கூறுகள்தான் (அணுக்கள் அசையக்கூடிய தனித்தனி வழிகள்). லட்சம் அணுக்களில் இந்த 6 கண்ணுக்கே தெரியாது, உங்களுக்கு 15 சதவீதம். ஆனால் தாவலுக்கு இது காரணமில்லை.

பதில் 2:
தாவல் பிழையே இல்லை, கொத்து உருகி உருகி உறைகிறது! குளிர்ந்த நிலையில் நடுவில் ஓர் அணு, சுற்றிலும் 12. வெளி அணு ஒன்று இடத்தைவிட்டு மேலே ஏறி உட்கார, கெல்வின் கணக்கில் (ஆற்றலை போல்ட்ஸ்மான் மாறிலியால் வகுத்தால்) சுமார் 340 அளவு நிலை ஆற்றல் வேண்டும். வெளியிலிருந்து வராது, அணுக்களின் அதிர்விலிருந்துதான் எடுக்க வேண்டும். அதிர்வில் இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் ஏறக்குறைய சரிபாதி என்பதால், இயக்க ஆற்றலில் பாதி, 170 குறையும். வெப்பநிலை என்பது இயக்க ஆற்றலின் இரு மடங்கை 33-ஆல் வகுப்பது: 2 × 170 ÷ 33, சுமார் 10 கெல்வின். உங்கள் இடைவெளியும் கிட்டத்தட்ட அதுதானே? திரவம் போன்ற நிலைதான் இங்கே குளிர்ச்சியானது.

கேட்டவர்:
அப்படியானால் வெப்பநிலை என்று எதைச் சொல்வது?

பதில் 2:
இரண்டு நிலைகளையும் பலமுறை கடந்த நீண்ட சராசரியை. நொடிக்கு நொடி மாறுவது இயக்க ஆற்றல், அதற்கு வெப்பநிலை என்று பெயர் வைத்ததுதான் குழப்பம். இன்னொன்று: என்ட்ரோபி (அணுக்கள் எத்தனை விதமாக இருக்கலாம் என்பதன் அளவு) ஆற்றலோடு ஏறும் சரிவிலிருந்தும் வெப்பநிலையை வரையறுக்கலாம். அதிலும் இரண்டு வகை உண்டு. போல்ட்ஸ்மான் என்ட்ரோபியா (அந்த ஆற்றலில் உள்ள நிலைகளை மட்டும் எண்ணுவது), கிப்ஸ் என்ட்ரோபியா (அந்த ஆற்றல் வரை உள்ள எல்லா நிலைகளையும் எண்ணுவது) என்பதைப் பொறுத்து, 13 அணுக்களில் விடை சற்றே மாறும். எதை எடுத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். உங்கள் தாவலைப் போன்ற விஷயம் நிஜத்திலும் உண்டு: 147 சோடியம் அணுக்கள் கொண்ட கொத்தில், உருகும் இடத்தில் ஆற்றல் ஏற ஏற வெப்பநிலை குறைவதை 2001-இல் ஃப்ரைபர்க்கில் சோதனையிலேயே காட்டினார்கள்.

கேட்டவர்:
33 போட்டேன்: 27, 38. நிலை ஆற்றலையும் கூடவே வரைந்தேன், வெப்பநிலை இறங்கும் இடத்தில் அது ஏறுகிறது. நன்றி சார், நாளைக்கு கைடிடம் இந்தப் படத்தைத்தான் காட்டப்போகிறேன்.