மறுமொழி: ‘எண்பொருத்தம்’ வேண்டாம், ‘ஏடொப்பு’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தகப்பனார் விட்டுச்சென்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அசலா என்று கண்டறிவது பற்றிக் கட்டுரை எழுதும் நண்பர், ‘மேட்சிங் நம்பர்ஸ்’ (உறுப்புகளில் வெட்டிய எண்கள் சரியாக இருப்பது) என்பதற்கு ‘எண்பொருத்தம்’ என்றும் ‘ஒரிஜினாலிட்டி’ என்பதற்கு ‘அசல்தன்மை’ என்றும் எழுதலாமா என்று கேட்டிருந்தார். இதுவரை எழுதிய எல்லோரும் சரி என்றுவிட்டீர்கள். எனக்கு இரண்டுமே உறுத்துகின்றன. இங்கிலாந்தில் பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறையில் வெகுகாலமாக வேலை செய்கிறேன். தவறான சொல் ஒருவரை எப்படித் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதைப் பார்த்தவன் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெண்மணி, தந்தையின் 1961ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப்பை எங்களிடம் கொண்டுவந்தார். கூரை மடங்கும் வகை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொட்டகையில் கிடந்தது. 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான கார் இது. கோவென்ட்ரியின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் உருவானது. முதலில் வந்த ஏறத்தாழ 500 கார்களில் பானெட்டின் (என்ஜினை மூடும் முன்மூடி) பூட்டு வெளிப்புறத்தில் இருக்கும். தனிச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். 1962 தொடக்கம் வரை வந்தவற்றில் கால் வைக்கும் தரை தட்டையாக இருக்கும். பிறகுதான் கால் நீட்ட இடம் வேண்டுமென்று அதைக் குழிவாக்கினார்கள். வெளிப்பூட்டு, தட்டைத் தரை இரண்டும் அந்தக் காரில் இருந்தன. “அப்படியானால் ஒரிஜினல்தானே?” என்றார் அவர்.

அந்த அடையாளங்கள் காட்டுவது, இது தொடக்க கால வண்டி என்பதை மட்டும்தான். ஆலையை விட்டுப் புறப்பட்ட அன்று இருந்த உறுப்புகளே இன்றும் இருக்கின்றனவா என்பதற்கு எண்களைத்தான் கேட்க வேண்டும். இந்தக் காரில் அவை நான்கு: சேசிஸ், என்ஜின், கியர்பாக்ஸ், பாடி.

சேசிஸ் எண், முன் சட்டத்தின் குறுக்குக் குழாயில், வலப்பக்க ஷாக் அப்சார்பர் பிடிமானத்துக்கு மேலே வெட்டப்பட்டிருக்கும். எங்கள் கைக்கு வந்தபோது அந்த இடத்தில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து விரற்கடை உயரத்துக்கு இறுகிப் போயிருந்தன. உலோகப் பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியைப் போட்டுவைத்து, மரக்குச்சியால் சுரண்டினேன். 8, 5, 0 என்று ஒவ்வோர் இலக்கமாக எழுந்து வந்தது. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள திறந்த கார் என்பதற்கான தொடக்கம் அது. ஊரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்காகத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்போமே, அதேபோல் எடுத்துக்கொண்டேன்.

என்ஜின் எண் இரண்டு இடங்களில் இருக்கும்: என்ஜினின் முதன்மை உடலான பிளாக்கின் வலப்பக்கத்தில் ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒன்று, அதன் மேல் பொருத்தும் சிலிண்டர் ஹெட்டின் முன்முனையில் மற்றொன்று. ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி, அழுத்த விகிதத்தைச் சொல்லும் இலக்கத்தில் முடியும். இந்தக் காரில் இரண்டும் அச்சாக ஒன்றே. அந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நண்பர் முன்மொழிந்த ‘எண்பொருத்தம்’ இதுதான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஜாகுவார் டெய்ம்லர் மரபு அறக்கட்டளையிலிருந்து சான்றிதழ் வந்தது. ஆலையின் தயாரிப்பேட்டைப் பார்த்து அவர்கள் எழுதித் தருவது. சேசிஸ் சரி, பாடி சரி, கியர்பாக்ஸ் சரி. என்ஜின் எண் மட்டும் வேறு! அந்தக் காலத்தில் தேய்ந்த என்ஜினைக் கொடுத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போவது வழக்கம். இதில் இருந்ததும் 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், அதே காலத்து ஈ-டைப் என்ஜின்தான். ஆனால் இன்னொரு காரோடு பிறந்தது.

ஆகவே, எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவது பேச்சே இல்லை. சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருக்கப்போவதில்லை. ஒவ்வொன்றும் ஏட்டில் உள்ள பதிவோடு ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலச் சொல் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. நாமும் ஏன் விட வேண்டும்? ‘பொருத்தம்’ என்றதும் நமக்கு இரண்டு சாதகங்களை அருகருகே வைப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே வேண்டியது தாய்ப்பத்திரத்தோடு வைத்துப் பார்ப்பது. கையில் உள்ள பத்திரங்கள் தமக்குள் எவ்வளவு ஒத்திருந்தாலும், தாய்ப்பத்திரம் வேறு சொன்னால் நிற்காது.

அதனால் என் முன்மொழிவு: ஏடு + ஒப்பு = ஏடொப்பு. ‘ஏடொத்த என்ஜின்’, ‘ஏடொவ்வாத கியர்பாக்ஸ்’, ‘நான்கு எண்ணும் ஏடொத்த கார்’ என்று வாக்கியத்தில் இயல்பாக வளைகிறது. ஏடு என்றால் ஓலைச்சுவடிதானே நினைவுக்கு வரும் என்று தனிமடலில் ஒருவர் தயங்கினார். பதிவேடு, பேரேடு, நாளேடு எல்லாம் நம் நாவில் உயிரோடுதான் இருக்கின்றன. பிளாக்கும் ஹெட்டும் ஒரே எண் தாங்குவதற்கு வேண்டுமானால் ‘பொருத்தம்’ என்பதை வைத்துக்கொள்ளலாம். அங்கே அது சரியான சொல்.

‘அசல்தன்மை’க்கு வருகிறேன். உதிரிபாகக் கடையில் “ஒரிஜினல் வேண்டும்” என்று கேட்டால், கம்பெனிப் பொருள் கொடு, டூப்ளிகேட் வேண்டாம் என்று பொருள். இந்த என்ஜின் அப்படிப் பார்த்தால் ஒரிஜினல். அந்த ஆண்டு, அந்த மாதிரிக்கு உரியதா என்று பார்த்தாலும் ஒரிஜினல். இந்தக் காரோடு வந்ததா என்று பார்த்தால் இல்லை. மூன்று கேள்விகளை ஒரே சொல்லில் போட்டுக் கட்டியதால்தான் அந்த அம்மா ஏமாந்தார். முதலாவதற்கு ‘நிறுவனத் தயாரிப்பு’ போதும். இரண்டாவதற்கு ‘வகையொத்தது’. மூன்றாவதற்கு ‘உடன்பிறவி’ என்பேன். “என்ஜின் வகையொத்தது, உடன்பிறவி அல்ல” என்று எழுதினால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஐயம் இருக்காது. சுவடி பதிப்பித்தவர்கள் மூலபாடம், பாடபேதம், இடைச்செருகல் என்று எவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்தார்கள்! அந்தப் பழக்கம் நம் மொழிக்குப் புதிதல்ல.

இந்த வேறுபாடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ‘ஓல்ட் நம்பர் ஒன்’ காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், உறுப்புகள் மாறிவிட்டன என்று பின்வாங்கினார்கள். 1990இல் இங்கிலாந்து நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார்: 1929இல் இருந்த உறுப்புகளில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை, ஆனாலும் அறுபடாத வரலாற்றால் அது அதே கார்தான். அவர் ஏற்றுக்கொண்ட அந்தத் தன்மைக்கு ‘வழித்தொடர்ச்சி’ என்று வைத்துக்கொள்ளலாமா? நண்பரின் கட்டுரைக்கு இதுவும் தேவைப்படும்.

இன்னொன்று மட்டும் மீதம். பிளாக்கில் இருக்கும் எண்ணை அரைத்து அழித்துவிட்டு, ஏட்டில் உள்ள எண்ணைப் புதிதாக வெட்டிவிடுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்த இடத்தில் ஆலை இயந்திரம் விட்டுப்போன மெல்லிய கோடுகள் இருக்காது. விரலால் தடவினாலே வழவழப்பு தெரியும். இந்த ஏமாற்று வேலையை ‘மறுபொறிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதில் குற்றம் தொனிக்கவில்லை. கள்ளக் கையெழுத்து, கள்ளநோட்டு என்கிறோமே, அதுபோல ‘கள்ளப்பொறிப்பு’ என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுச் சொல் இருப்பவர்கள் நண்பர் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்.