மறு: மிட்ரியாட்டிக், அட்ரினர்ஜிக் – தமிழ்ல என்ன போடலாம்?

வணக்கம். கால்நடை மருந்தியல் செய்முறைக் கையேடு திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும், முயல் கண் பாடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஃபினைலெஃப்ரின் சொட்டு விட்டா பியூப்பில், அதாவது கண் நடுவுல இருக்கிற துளை, விரியும், ஆனா டார்ச் அடிச்சா சுருங்கும், அட்ரோபின் விட்டா வெளிச்சத்துக்கு அசையவே அசையாது, இந்த வித்தியாசம்தான் பாடமே. விரிய வைக்கிற மருந்துக்கும் (மிட்ரியாட்டிக்), அட்ரினலின், நோர்அட்ரினலின் வழியா நடக்கிறதைச் சொல்ற அட்ரினர்ஜிக்குக்கும் சொல் வேணும்.

*

தம்பி, பியூப்பிலுக்குப் பாவைன்னே போடுங்க. 'கருமணியிற் பாவாய்'னு வள்ளுவர் மணி வேற பாவை வேறன்னு பிரிச்சே சொல்லிட்டார். லத்தீன் பியூப்பில்லாவும் சின்னப் பொம்மைதான், எதிராளி கண்ணுல தெரியிற உருவத்தை வச்சே ரெண்டு மொழியிலயும் பேர் வந்திருக்கு. ஆக பாவைவிரிப்பி, பாவைசுருக்கி. அட்ரினல் சுரப்பிக்கு அண்ணீரகம் ஏற்கெனவே இருக்கு, 'அண்'னா அண்மை, மேலன்னும் கொள்ளலாம், அண்ணாந்து, அண்ணம் எல்லாம் பாருங்க, அதனால அட்ரினர்ஜிக் அண்ணீரகியம்.

*

ஐயா, நாலுகால் பிராணிக்கு அந்தச் சுரப்பி சிறுநீரகத்துக்கு மேல இல்ல, முன்னால உள்பக்கமா இருக்கு. அதை விடுங்க, ஐரிஸோட (பாவையைச் சுத்தி இருக்கிற நிற வளையம்) விரிதசைக்கு நோர்அட்ரினலின் வர்றது நரம்பு முனையில இருந்து, அது தசையில ஆல்ஃபா-1 ஏற்பிங்கிற, தனக்குன்னு இருக்கிற இடத்துல போய் உக்காருது. 1933ல உடலியங்கியல் அறிஞர் ஹென்றி டேல் அட்ரினர்ஜிக்னு பேர் வச்சதே நரம்புக்குத்தான். அண்ணீரகியம்னா பசங்க வயித்துக்குள்ள தேடுவாங்க.

டிமோலால் கண் சொட்டும் இதே அட்ரினர்ஜிக் குடும்பம்தான், ஆனா பீட்டா ஏற்பியை அடைக்கிறது, கண்ணுக்குள்ள நீர் ஊறுறதைக் குறைச்சு அழுத்தத்தை இறக்கும். மனுசனுக்குப் பாவை பெருசா மாறாது, நாய்க்கும் பூனைக்கும் சுருங்கிடும். அதை பாவைசுருக்கின்னு எழுதிட்டா அழுத்தம் எங்க போச்சு? விளைவுக்கு ஒரு பேர், ஏற்பிக்கு ஒரு பேர், கலக்கவே கூடாது. கோழிக்கு ஐரிஸ்ல கை கால்ல இருக்கிற மாதிரி வரித்தசை, அட்ரோபின் விட்டாலும் விரியாது, அங்க 'விரிப்பி'ங்கிற பேரே பொய்.

*

விளைவையும் ஏற்பியையும் கலக்கக் கூடாதுன்னு அண்ணா சொல்றது சரி. ஆனா பாவைன்னா பொண்ணுன்னுதான் பசங்களுக்குத் தோணும். மாடு கொண்டு வர்றவங்க கண்பாப்பான்னுதான் சொல்றாங்க, ஒரே தடவையில புரியுது.

*

கண்பாப்பா அச்சுல ஏறாதுன்னு எங்க துறையில சொல்லிட்டாங்க அக்கா. பாவைவிரிப்பிக்குப் பதிலா 'கண்மணி விரிப்பி'ன்னு போட நாலு பேர் சரின்னுட்டாங்க, அதையே போடுறேன். அட்ரினர்ஜிக் அப்படியே இருக்கட்டும், அழுத்தத்துக்குக் கண் உள்ளழுத்தம்.

*

அவசரம் புரியுது தம்பி, போடுங்க. ஆனா நான் ஒத்துக்கலன்னு பதிவா இருக்கட்டும். மருந்து விட்டா விரியிறது நடுவுல இருக்கிற துளை, சுத்தி இருக்கிற மணி, அதாவது ஐரிஸ், அப்ப ஒடுங்கித்தான் போகுது. பாப்பா கூட அந்தத் துளையைத்தான் சொல்லுது. மணி விரியாது.