பதில்: தெற்குத்தெருப் பையனுக்கு உதவி (பனியன் கணக்கும்)

சங்கத்தாருக்கு வணக்கம்.

மீன்பிடிக்கப் போய் இலங்கையில் பிடிபட்ட தெற்குத்தெருப் பையனுக்கு உதவ, ஆளுக்கு 5,000 ரூபாய் கேட்டு செயலாளர் அண்ணன் எழுதிப் பத்து நாளாகிறது. ஏழு பேர் பதில் போட்டார்கள். ஏழிலும் பேச்சுத்தான்.

போன வாரம் எங்கள் சின்னம்மா ஊருக்குப் போயிருந்தார். அந்தப் பையனின் அம்மா கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாராம். இலங்கைக் கரையில் பிடிபட்டவர்களை வரிசையாகக் குந்த வைத்திருக்கிறார்கள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிகிறது. பொங்கல் கபடிக்கு நாம் அடித்துக் கொடுத்த மஞ்சள் பனியன், நடுவில் நம் சங்கத்துப் பேர். அதை வைத்துத்தான் பெற்றவளே அடையாளம் கண்டிருக்கிறாள். சிங்கப்பூர் மாமா, மூன்று வருஷமாகப் பனியன் கணக்குக் கேட்கிறீர்களே, ஒரு உருப்படி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"செட்டிநாட்டுப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை, ஊர் மானம் போச்சு" என்கிறார் கோலாலம்பூர் அண்ணன். கண்மாய் இரண்டு வருஷமாக நிறையவில்லை. பையன் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகுக் கூலிக்கு ஏறிவிட்டான். அண்ணே, 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை உங்கள் ஐயா அங்கேதான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவார். பெட்டியைச் சுமந்துபோய் ஏற்றிவிட்டு வந்தவர் என் தாத்தா. உங்கள் முகப்புத் தூண் பர்மாத் தேக்கு. அது மாட்டுவண்டியிலேயேவா வந்தது? இதற்குமேல் பழசைக் கிளறினால் கல்யாணப் பந்தல் விஷயமும் வரும், விடுங்கள்.

கச்சத்தீவை மீட்டால் எல்லாம் தீரும் என்று மூன்று பேர். அந்தத் தீவில் இராமநாதபுரம் சேதுபதி ஜமீனுக்கு இருந்த பாத்தியதை எனக்கும் தெரியும். 285 ஏக்கர், குடியிருக்க ஆளில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. நம் மீனவரும் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்களும் போய்வர, தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தத்தில் இடம் வைத்தார்கள். இரண்டு அரசும் எழுதிக்கொண்ட 1976 கடிதங்களோடு அங்கிட்டுக் கடலில் மீன்பிடிப்பதும் நின்றது. கடலடியை வாரி இழுக்கும் நம் இழுவைமடிப் படகுகள் போவதோ தீவையும் தாண்டி இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம். அந்த மடியையே இலங்கை 2017இல் தடை செய்துவிட்டது. அந்த மடியில் சிக்கி அங்கே அறுபடுவதும் தமிழன் வலைதான். இதை எழுதினால் திட்டுவீர்கள். சரி, திட்டுங்கள்.

என் 5,000 ரூபாயை அந்த அம்மா கணக்கிலேயே நேராகப் போட்டுவிட்டேன். ரசீது கிடையாது, மாமா.