ஆங்கிலத்தில் ‘ஐ’ (I) போடுவதா, ‘மீ’ (me) போடுவதா? காலைக்குள் பதில் வேண்டும்

ஹட்டன் தம்பி:
வெளிநாட்டுக்கு வந்து 7 வாரம்தான் ஆகிறது. என் மின்னஞ்சலில் ‘ஐ’ என்ற சொல்லை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு மேலாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ‘ஐ’ போடுவதுதான் மரியாதை என்றல்லவா ஊரில் மாஸ்டர் சொல்லித்தந்தார்? தூக்கமே வரவில்லை.

நானுஓயா அண்ணன்:
இதற்கா தூக்கம் போகிறது? 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாக் குளிரையே பார்த்தவன் என்று மார்தட்டிக்கொண்டு வந்தவன் நான். முதல் பனியில் சப்பாத்துக்குள் தண்ணீர் இறங்கி, கால்விரல் மரத்து, பஸ் தரிப்பிடத்தில் அழுதேன். ‘ஐ’ என்றே போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தலவாக்கலை அக்கா:
குறை சொன்னதால்தானே தம்பி கேட்கிறார்! எந்த நாடு, எந்த வசனம், ஒன்றும் எழுதவில்லை. பொதுவாக, தமிழில் ‘நான்’ வந்தால் ‘ஐ’. ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னோடு’ வந்தால் ‘மீ’.

கொழுந்துக்கூடை:
அப்படி நம்பித்தான் அக்கா நான் ‘எனக்குத் தெரியும்’ என்பதை ‘மீ நோ’ என்றேன். ஒரு மாதம் அதைச் சொல்லியே சிரித்தார்கள். தெரிவது, பசிப்பது, பிடிப்பது எல்லாம் நமக்கு ‘எனக்கு’; அவர்களுக்கு ‘ஐ’.

நானுஓயா அண்ணன்:
சிரிப்பார்கள்! 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் தேயிலை நட்ட நாளிலிருந்து தோட்டங்களில் முதுகொடிந்தது நம் ஆட்களுக்கு. இங்கே அதைப் பையில் கட்டி விற்கிறார்கள், சாயமும் இல்லை, மணமும் இல்லை.

கொழுந்துக்கூடை:
அம்மா கொடுத்தனுப்பிய தேயிலைத் தூள் தீர்ந்து மூன்று நாள். ஞாபகப்படுத்தாதீர்கள்.

ஹட்டன் தம்பி:
மன்னியுங்கள், வசனம் இதுதான்: ‘தி கீஸ் வேர் கிவன் டு குமார் அண்ட் ஐ.’ சாவிகள் குமாரிடமும் என்னிடமும் கொடுக்கப்பட்டன என்று சொல்லத்தான் எழுதினேன்.

தலவாக்கலை அக்கா:
இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே! குமாரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு வாசியுங்கள். ‘கிவன் டு ஐ’ என்று வாய் வருமா? ‘கிவன் டு மீ’ தானே? குமார் திரும்பி வந்த பிறகும் அது ‘மீ’ தான்: ‘டு குமார் அண்ட் மீ.’ ‘ஃபோர்’, ‘வித்’, ‘பிட்வீன்’ வந்தாலும் இதே கதை. ‘குமார் அண்ட் ஐ லாக்ட் த டோர்’ என்றால் ‘ஐ’. பூட்டியவர்களில் நீங்களும் ஒருவர். மாஸ்டர் சொன்ன மரியாதை, குமாரின் பெயரை முன்னால் போடுவது.

ஹட்டன் தம்பி:
திருத்தி அனுப்பிவிட்டேன் அக்கா. அந்தச் சாவி தொலைந்துவிட்டது, அதற்குத்தான் அந்த மின்னஞ்சலே. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?