ஜிப்சியில் இரண்டாவது பெட்ரோல் பம்ப்: எப்படிப் பொருத்துவது?

காட்பாடி ஜிப்சி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்) மாருதி ஜிப்சி. ரோல் கேஜ், பக்கெட் சீட், மட் டயர் எல்லாம் போட்டு ஆஃப்-ரோடு பந்தயத்துக்கென்றே மாற்றிய வண்டி. பாலாற்று மணலிலும் ஜவ்வாது மலை அடிவாரத்து மண் பாதைகளிலும்தான் ஓட்டிப் பழகுகிறோம்.

போன கத்திரி வெயிலில் ஒரு பந்தயம். ஏற்றத்தில் எஞ்சின் திணற ஆரம்பித்தது. ஐடிலில் நிற்கும், மிதித்தால் அணைந்துவிடும். நேவிகேட்டராக உட்கார்ந்திருந்த என் மச்சான் காயில், பிளக் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே ஐடிலும் நின்றுபோனது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் போயிருந்தது. நடுக்காட்டில் டேங்கை இறக்கி மாற்ற முடியுமா? கயிறு கட்டித்தான் இழுத்து வந்தோம்.

அதனால் அடுத்த பந்தயத்துக்குள் இரண்டாவது பம்ப் ஒன்றை வெளியே வைத்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். ஒரு மெக்கானிக் அண்ணா, 'இருக்கிற பம்புக்கு அடுத்து அதே லைனில் இன்னொன்றைச் சேர்த்துவிடு' என்கிறார். இன்னொருவர் இரண்டுக்கும் தனித்தனி லைன் வேண்டும் என்கிறார். இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா, ஒன்றைச் சும்மா வைத்திருக்க வேண்டுமா? கரண்ட் எங்கிருந்து எடுப்பது? பாஷ் 044 பம்ப் வாங்கலாம் என்று ஆசை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் 4x4:

தம்பி, நான் வேறு மாதிரிதான் சொல்வேன். டேங்குக்குள் இருக்கும் பம்பை மறந்துவிட்டு, ஒரே ஒரு நல்ல பம்பைக் கை எட்டும் இடத்தில் வெளியே வையுங்கள். அதே மாடல் இன்னொன்றை யூனியன், கிளாம்ப், ஒயர் பிளக் எல்லாம் பொருத்தித் தயாராகப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு அதை மாற்ற அதிக நேரம் ஆகாது. இரண்டு பம்ப் என்றால் மூட்டுகளும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூட்டும் ஒழுகக்கூடிய இடம். சைலன்சர் பக்கத்தில் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சத்துவாச்சாரி ஆட்டோ எலக்ட்ரிக்:

ஆம்பூர் அண்ணா சொல்வது பொழுதுபோக்குக்கு ஓட்டும் வண்டிக்குச் சரி. பந்தயத்தில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில், அழுத்தம் நிற்கும் பெட்ரோல் லைனை அவசரத்தில் கழற்றுவது எனக்குப் பிடிக்காது. சுவிட்சைத் தட்டினால் அடுத்த பம்ப் ஓட வேண்டும். அப்படித்தான் செய்ய வேண்டும்.

தம்பி, ஒரே லைனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடவே கூடாது. முதல் பம்ப் இறுகி நின்றால், பின்னால் இருப்பது அந்தச் செத்த பம்பின் வழியாகத்தான் பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உருளைகள் சுற்றித் தள்ளும் ரோலர் செல் வகை என்றால் சந்தே கிடையாது, அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் தனித்தனியாகப் போட்டு, வெளியே வரும் இரண்டு குழாய்களையும் ஒரு ஒய் மூட்டில் சேருங்கள். ஒவ்வொரு பம்பின் வெளிவாயிலிலும் ஒரு என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) கட்டாயம். ஒரே மேல்தொட்டிக்கு இரண்டு போர் மோட்டார் வைத்த வீட்டில் வால்வு இல்லாவிட்டால் ஒன்று ஏற்றும் தண்ணீர் மற்றொன்றின் வழியாகக் கீழே இறங்கிவிடும் அல்லவா, அதேதான் இங்கும். ஓடும் பம்ப் தள்ளுவது செத்த பம்பின் வழியாக டேங்குக்கே திரும்பும், ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தமே ஏறாது. பம்போடு வரும் வால்வை நம்பி விட்டுவிடாதீர்கள். பொருத்துமுன் சைக்கிள் பம்பால் வெளிவாயில் பக்கம் காற்று அடித்துப் பாருங்கள், காற்று உள்ளே போகக் கூடாது.

இனி என் வேலை, கரண்ட். நான் பார்க்கும் வண்டிகளில் இரண்டாவது பம்ப் காப்பாற்றாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பம்ப் இரண்டு, ஆனால் ஃபியூஸ் ஒன்று, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று, எர்த் ஒன்று. அந்த எர்த் போல்ட்டில் துரு பிடித்தால் இரண்டும் சேர்ந்து படுத்துவிடும். பேட்டரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி ஃபியூஸ், தனி ரிலே. எர்த்தும் சேஸிஸில் வேறு வேறு இடத்தில், பெயின்டைச் சுரண்டி, போல்ட் போட்டு, கிரீஸ் பூசி. ஒயரும் இரண்டு பக்கமாகப் போகட்டும். ஒரு கல் அடித்து அறுத்தால் ஒன்றுதான் அறுபட வேண்டும்.

பம்ப் ஓடும்போது மல்டிமீட்டரை பேட்டரியில் வைக்காதீர்கள், பம்பின் முனையிலேயே வையுங்கள். சமீபத்தில் ஒரு வண்டியில் பேட்டரியில் 12.6 வோல்ட், பம்பில் 10.4. கனெக்டரைப் பிரித்தால் ஒரு முள் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. பம்புக்கு ஒன்றுமில்லை. வோல்ட் குறைந்தால் பம்ப் தள்ளும் அளவு வேகமாக விழுந்துவிடும். ஐடிலில் தெரியாது, ஏற்றத்தில் முழுதாக மிதிக்கும்போதுதான் காட்டும். உங்கள் பழைய பம்பைத் தூக்கிப் போடுமுன் அதன் பிளக்கையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

ராணிப்பேட்டை ஃபேப்ரிகேஷன்:

எலக்ட்ரிக் அண்ணா ஒயருக்குச் சொன்னதையே நான் குழாய்க்குச் சொல்கிறேன். இரண்டு பம்புக்கும் முன்னால் பொதுவாக ஒரே ஃபில்டர் வைத்தால் இரண்டு பம்ப் வைத்ததற்கே அர்த்தமில்லை. பாலாற்று மணல் எப்படியோ டேங்குக்குள் போய்விடும், ஃபில்டர் அடைந்தால் எத்தனை பம்ப் இருந்தும் வண்டி நிற்கும். ஒவ்வொரு பம்புக்கும் முன்னால் தனியாக 100 மைக்ரான் கம்பிவலை ஃபில்டர். ஒய் மூட்டுக்கு முன்னால் ஒவ்வொரு லைனிலும் 10 மைக்ரான் ஃபில்டர். நுண்ணிய ஃபில்டரை உறிஞ்சும் பக்கம் போடாதீர்கள்.

வெளியே வைக்கும் இன்லைன் பம்ப் நன்றாகத் தள்ளும், இழுக்கத் தெரியாது. அதனால் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், உறிஞ்சும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். மேலே வைத்தால் இழுக்கும் பக்கம் அழுத்தம் குறைந்து, சூடான பெட்ரோல் அங்கேயே ஆவியாகும். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் இது கண்டிப்பாக நடக்கும். ஆனால் கீழே வைத்தால் கல் அடிக்குமே என்பீர்கள். அதற்குத்தான் சர்ஜ் டேங்க். பின்னால் கேஜுக்குள், ஓட்டுநருக்கும் அதற்கும் நடுவில் தகரத் தடுப்பு வைத்து, இரண்டு லிட்டர் அளவில் ஒரு சின்ன டப்பா. டேங்க் பம்ப் அதை நிரப்பிக்கொண்டே இருக்கட்டும், அடியிலிருந்து இரண்டு உயர் அழுத்த பம்புகளும் எடுக்கட்டும். ரெயிலில் மிஞ்சித் திரும்பும் பெட்ரோல் (ரிட்டர்ன்) இந்த டப்பாவுக்கு வரட்டும், மேலே வழிவது பெரிய டேங்குக்குப் போகட்டும். கால் டேங்க் பெட்ரோலோடு சரிவில் சாயும்போது பம்ப் காற்றை இழுக்கும் தொல்லையும் இதில் தீரும். காற்றை இழுத்தபடி ஓடுவதுதான் இந்தப் பம்புகளைச் சீக்கிரம் கொல்கிறது, பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சியும் எண்ணெயும்.

அப்போது டேங்க் பம்ப் போனால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு லிட்டர் தீரும்வரை ஓடும், அப்புறம் நிற்கும். ஆகவே சர்ஜ் டேங்கை நிரப்பவும் ஒரு மாற்று பம்ப் வேண்டும். குறைந்த அழுத்த பம்ப் போதும், விலையும் குறைவு. இதை விட்டுவிட்டால் மறுபடியும் போன கத்திரியில் நின்ற இடத்தில்தான் நிற்பீர்கள்.

044 வேண்டாம் தம்பி. 80 குதிரைத்திறன் எஞ்சின் முழு மிதியில் மணிக்கு 25 லிட்டர் அளவுதான் குடிக்கும். 044 என்பது 5 பார் அழுத்தத்திலேயே மணிக்கு 200 லிட்டர் தள்ளும் பம்ப். மிச்சமெல்லாம் ரெயிலைச் சுற்றித் திரும்பி வந்து பெட்ரோலைச் சூடாக்கும், கரண்டையும் தின்னும். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் உங்கள் மெல்லிய ரிட்டர்ன் குழாய் தாங்காது, அழுத்தம் ஏறி எஞ்சின் பெட்ரோலில் குளிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். சின்ன பம்பாக, இரண்டும் ஒரே மாடலாக வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கிறதே என்று இதற்கு மட்டும் போகாதீர்கள்.

ஹோஸ் வாங்கும்போது மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். டேங்குக்குள் முழுகிக் கிடக்கும் துண்டுக்கு மட்டும் ஆர்10 வேண்டும், ஆர்9 அங்கே தாங்காது.

காட்பாடி ஜிப்சி:

ரொம்ப நன்றி அண்ணா. நிரப்பும் பம்ப் விஷயம் என் தலையிலேயே இல்லை. ஒரு சந்தேகம். இப்போது பம்பை எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யு.தான் ஓட்டுகிறது, எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இரண்டாவதுக்கு நேராக பேட்டரியிலிருந்து சுவிட்ச் வைத்தால் ஆபத்து இல்லையா?

சத்துவாச்சாரி ஆட்டோ எலக்ட்ரிக்:

நல்ல கேள்வி. நேராக வைக்கவே கூடாது. வண்டி கவிழ்ந்து குழாய் பிய்ந்திருக்கும்போது பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியிலேயே, ஸ்டார்ட் செய்யும் நேரம் தவிர எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் பெட்ரோல் பம்ப் ஓட வேண்டும் என்று இருக்கிறது.

முதல் பம்பின் ரிலேவை இ.சி.யு. சிக்னலிலேயே விடுங்கள். இரண்டாவதையும் அதே சிக்னலில் மாட்டினால் சிக்னல் போகும் நாளில் இரண்டும் போகும். அதனால் இரண்டாவது ரிலேவின் காயிலுக்கு ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கரண்ட் கொடுங்கள். எஞ்சின் நின்றால் ஆயில் அழுத்தம் விழும், பம்ப் நிற்கும். வண்டியில் இருக்கும் ஆயில் விளக்கு சுவிட்ச் இதற்கு ஆகாது, அது அழுத்தம் ஏறினால் திறந்துகொள்ளும் வகை. அழுத்தம் ஏறினால் மூடும் வகையாகக் கேட்டு வாங்கி, டி வடிவ (T) மூட்டு போட்டுத் தனியாக மாட்டுங்கள். ஸ்டார்ட் செய்ய மட்டும், அழுத்தினால்தான் வேலை செய்யும் ஒரு பட்டன் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு ரிலே காயிலுக்கும் போகும் கரண்ட் ஒரு இனர்ஷியா சுவிட்ச் (பலமான அதிர்ச்சியில் தானாகக் கரண்டை அறுக்கும் சுவிட்ச்) வழியாகவும் போகட்டும். அது மோதலில் மட்டுமல்ல, பலமாகக் குதித்து இறங்கினாலும் சில நேரம் விழுந்துவிடும். அதன் ரீசெட் பட்டன் நேவிகேட்டர் கைக்கு எட்ட வேண்டும்.

பம்ப் மாற்றும் சுவிட்ச் இருவழி டாகிளாக இருக்கட்டும், மேலே ஒன்று, நடுவில் ஆஃப், கீழே இரண்டு. பெல்ட்டை இறுக்கிக் கட்டி, ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு உட்கார்ந்தபின் உங்கள் கை, மச்சான் கை, இரண்டும் எட்டும் இடத்தைக் குறித்துவிட்டு ஓட்டை போடுங்கள். பெட்ரோல் குழாயைக் கேபினுக்குள் கொண்டுவராமல், எஞ்சின் பக்கம் ஒரு அழுத்த சென்சார் வைத்து அழுத்தம் 2 பாருக்குக் கீழே போனால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று போடுங்கள். அன்றைக்கு அது இருந்திருந்தால் உங்கள் மச்சான் பிளக்கைக் கழற்றியிருக்க மாட்டார்.

மாற்று பம்பைப் பூட்டி வைக்காதீர்கள். பெட்ரோல் தேங்கினால் பிசின் பிடிக்கும், எத்தனாலில் ஈரம் சேர்ந்து துரு ஏறும். பழகும் ஓட்டத்தில் போகும்போது முதல் பம்பிலும் வரும்போது இரண்டாவது பம்பிலும் ஓட்டுங்கள். ஒயரிங் முடிந்ததும் வண்டியைக் கொண்டுவாருங்கள், இரண்டு பம்பின் முனையிலும் வோல்ட் பார்த்துத் தருகிறேன்.