சூடானதும் நியூட்ரல் விழவில்லை, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிய பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி. காலையில் கியர் சுலபமாக விழுகிறது. இன்ஜின் சூடானதும் சிக்னலில் நியூட்ரல் கிடைப்பதில்லை. கிளட்சை முழுசாகப் பிடித்தாலும் வண்டி முன்னால் இழுக்கிறது. இன்ஜினை அணைத்தால் நியூட்ரல் உடனே விழுந்துவிடும். அதனால் கியர் பாக்ஸ் மேல் எனக்குச் சந்தேகமில்லை, கிளட்ச்தான் சரியாக விடவில்லை.

கேபிள் புதுசு, லிவர் நுனியில் 10 மி.மீ. ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடும் முன் லிவர் சும்மா அசையும் தூரம்) இருக்கிறது. கியர் ஆயிலும் மாற்றியாச்சு. கவரைக் கழற்றினால், பிளேட்டுகள் இடித்து இடித்து கிளட்ச் ஹவுசிங் (பிளேட்டுகள் உட்காரும் கிண்ணம்) விரல்களில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம். ஒரு ஸ்டீல் பிளேட் கண்ணாடி மேல் வைத்தால் லேசாக ஆடுகிறது. அதை எப்படியும் மாற்றிவிடுவேன்.

பள்ளத்தை அரம் போட்டுச் சமன் செய்யலாம் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்தவர்கள் உண்டா? எவ்வளவு காலம் தாங்கியது? அசல் ஹவுசிங்கை விட மனமில்லாமல்தான் கேட்கிறேன்.