பிளக் ஒயருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கார்களை வீட்டிலேயே பழுதுபார்ப்பதற்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஸ்பார்க் பிளக் (இன்ஜினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை எழுப்பும் பாகம்) ஒயர்களை மாற்றும் அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன். இப்போதைக்கு 'தீப்பொறிச் செருகிக் கம்பி' என்று எழுதியிருக்கிறேன். ஒரே பக்கத்தில் 14 முறை வருகிறது. வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டுகிறது.

இன்னொரு சிக்கல், ஒயரின் நுனியில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் பாகம். 'ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்த ரப்பரைப் பிடித்து, லேசாக இப்படியும் அப்படியும் திருகிவிட்டு இழுங்கள்' என்பதுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிழை அறுந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த ரப்பருக்கு ஒரு பெயர் இல்லாமல் இந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை. உதவுங்கள்.

மறுமொழி – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மையீர்,

நீளம் குறையல்ல, பொருள் தெளிவுதான் முதன்மை. ஆனாலும் சுருக்கலாம். 'பொறிக்கம்பி' போதும். ககர ஒற்றை விட்டுவிடாதீர்கள். 'பொறிகம்பி' என்று எழுதினால் ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகி, 'எழுத்துப் பொறித்த கம்பி' என்று பொருள்படும். ஒற்று வந்தால் பெயர்த்தொகை.

பொறி மிகப் பழைய சொல். 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்று ஆறாம் குறளிலேயே புலனைக் குறிக்கிறது. 618ஆம் குறளில் 'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்னும்போது உரையாசிரியர்கள் ஊழ் என்று பொருள் கொள்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் 'வளைவிற் பொறி' போர்க்கருவி. இந்தத் தடத்தில்தான் பொறியியல் என்ற சொல்லும் வந்தது. புலன், ஊழ், கருவி, நெருப்புத்துளி, எலி பிடிக்கும் கூண்டு, உடலில் விழும் புள்ளி என இத்தனையும் ஒரே சொல்லில் அடங்குவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. புள்ளி, சுடும் துளி, அந்தத் துளியை எழுப்பும் கருவி என்று பொருள் ஒன்றிலிருந்து ஒன்றாக விரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

மறுமொழி – தொழிற்பயிற்சி ஆசிரியர்

ஐயா சொன்ன காரணத்தாலேயே 'பொறி' மட்டும் போதாது என்பேன். இன்ஜினையே பொறி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 'பொறிக்கம்பி' என்றால் என் மாணவன் இன்ஜினில் தெரியும் எந்தக் கம்பியைப் பிடிப்பான்?

'கம்பி'யும் தவறு. கம்பி என்றால் உலோகம். பெரும்பாலான கார்களில் இந்த ஒயருக்குள் இருப்பது கரியேற்றிய நார், பெரும்பாலும் கண்ணாடியிழை. வேண்டுமென்றேதான் அதில் மின்தடையை வைத்திருக்கிறார்கள். செம்புக் கம்பியாக இருந்தால் ஒவ்வொரு பொறிக்கும் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வரும். மீட்டரில் அளந்தால், நீளத்தைப் பொறுத்து, ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். கம்பி என்று சொல்லிக் கொடுத்துவிட்டால், 'இவ்வளவு தடை காட்டுகிறதே, கெட்டுப்போய்விட்டது' என்று நல்ல ஒயரைத் தூக்கி எறிவான்.

'செருகி'யும் எனக்கு ஒத்துவரவில்லை. பிளக் செருகப்படுவது இல்லை. அதற்கு மரை உண்டு, ஸ்பேனர் போட்டுத் திருகுகிறோம். செருகப்படுவது ஒயரின் நுனிதான். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். 'செருகியைப் பிடித்து இழுக்கவும்' என்று அச்சில் வந்தால் படிப்பவர் எதை இழுப்பார்?

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் 'வடம்'? மின்வடம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம்.

மறுமொழி – தமிழாசிரியர்

வடம் அருமையான சொல். தேரை இழுப்பதும் வடம், கழுத்தில் போடும் முத்துவடமும் வடம். வில்லின் நாணுக்கும் அந்தப் பெயர் உண்டு. வடி என்றாலும் கயிறு. இழைகளைச் சேர்த்து முறுக்கியது என்ற கருத்து அடியில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். உள்ளே நாரும் வெளியே உறையுமாக இருக்கும் பொருளுக்குக் கம்பியைவிட இது பொருந்தும். கம்பியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் பிளக்கை 'பிளக்' என்றே விட்டுவிடுவதற்கு நான் உடன்படவில்லை. செருகி பொருந்தாது என்றால் 'முளை' இருக்கிறது. மாடு கட்ட அடிப்பது முளை. தரையில் இறுக்கமாக நிற்பது. 'பொறிமுளை' என்று வையுங்கள்.

மறுமொழி – மென்பொருள் மொழியாக்கம் செய்பவர்

புலவர் ஐயா, முளை என்றதும் இன்றைக்குப் படிப்பவர்களுக்கு விதை முளைப்பதுதான் நினைவுக்கு வரும். கணினித் துறையில் நாங்கள் கண்ட பாடம் இது: ஏற்கெனவே வேறொரு படம் மனதில் நிற்கும் சொல்லை எடுத்தால், அந்தப் படத்தோடு ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியிருக்கும். கையேடு படிப்பவர் கையில் கிரீஸோடு நிற்கிறார். அவர் அகராதியைப் புரட்டமாட்டார். 'பிளக் வடம்' என்று வைத்தால் யாருக்கும் உடனே புரியும்.

மறுமொழி – தமிழாசிரியர்

பாதிச் சொல் பிறமொழி, பாதி தமிழ் என்று ஒட்டுப்போட்டால், நாளை முழுச்சொல்லும் பிறமொழியாகத்தான் முடியும். பேருந்து என்ற சொல்லை முதலில் கேட்டவர்களுக்கும் அது புதிதுதான். புழங்கப் புழங்கத்தான் புரிந்தது.

மறுமொழி – தொழிற்பயிற்சி ஆசிரியர்

எல்லோரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. காயில் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் அதை வரிசைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும். டிஸ்ட்ரிபியூட்டரும் தனிக் காயிலும் உள்ள நான்கு சிலிண்டர் காருக்குப் பொதுவாக ஐந்து ஒயர்கள். நான்கு பிளக்குகளுக்குப் போகும். ஐந்தாவது, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும். அது எந்த பிளக்கையும் தொடுவதில்லை. ஆனால் சேர்த்துத்தான் மாற்றுகிறோம். 'பிளக் வடம்' என்றால் அந்த ஐந்தாவதுக்குப் பெயர் இல்லை. பட்டறையில் 'ஹைடென்ஷன் ஒயர்' என்பார்கள், அதில் ஐந்தும் அடங்கும். 20,000 வோல்ட்டுக்கு மேலும் ஓடும் ஒயர் அது. அதனால் 'உயரழுத்த வடம்' என்பது என் பரிந்துரை. இன்ஜின் ஓடும்போது தொடக்கூடாது என்று பெயரே சொல்லிவிடும்.

மறுமொழி – மென்பொருள் மொழியாக்கம் செய்பவர்

உயரழுத்த வடம் என்றால் மின்கோபுரத்தில் தொங்குவதுதான் எனக்குத் தோன்றுகிறது. 'தீப்பொறி வடம்' என்றால்? பொறியை உண்டாக்கும் மின்சாரத்தைக் கொண்டுபோகும் வடம். ஐந்துக்கும் பொருந்தும், பிளக் என்ற சண்டையும் இல்லை.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

'தீப்பொறி வடம்' எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'இன்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். எல்லாத் தீப்பொறி வடங்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, அதே நீளமுள்ள புதியதை அதே இடத்தில் மாட்டி, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். வரிசை மாறினால் பொறி தவறான சிலிண்டரில் விழும்; இன்ஜின் உதறும், இல்லையென்றால் ஓடவே ஓடாது.'

தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. சரி, ரப்பர்?

மறுமொழி – தமிழாசிரியர்

'குப்பி'. மாட்டுக் கொம்பின் நுனியில் மாட்டும் உலோகக் கூட்டுக்கு அந்தப் பெயர் உண்டு. நுனியை மூடிக் காப்பது என்ற பொருள் அப்படியே வருகிறது.

மறுமொழி – தொழிற்பயிற்சி ஆசிரியர்

அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் குப்பி என்றால் என் மாணவர்களுக்குப் புட்டிதான். 'தொப்பி'யும் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தொப்பி என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'ரப்பர் உறை' என்று சாதாரணமாகவே எழுதுங்கள். வாளுக்கு உறை போல, உள்ளே இருப்பதைக் காப்பது. 'உறையைப் பிடித்துத் திருகி இழுக்கவும்' என்றால் யாரும் தப்பாகச் செய்யமாட்டார்கள். உறைக்குள் மின்கடத்தாக் கிரீஸ் கொஞ்சம் தடவச் சொல்லவும் மறக்காதீர்கள். அடுத்த முறை பிளக்கோடு ஒட்டிக்கொள்ளாது, ஈரமும் புகாது.

மறுமொழி – மொழிபெயர்ப்பாளர்

நாளை மாலைக்குள் முடிக்க வேண்டும். தீப்பொறி வடம், ரப்பர் உறை, பிளக் என்று வைத்துக்கொள்கிறேன். வடத்துக்கு நான்கு பேர் ஒப்பியிருக்கிறோம். பிளக்குக்கு நல்ல சொல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் மாற்றுவேன். எல்லோருக்கும் நன்றி.

மறுமொழி – தொழிற்பயிற்சி ஆசிரியர்

அச்சுக்கு அது சரி. உயரழுத்தம் என்ற சொல் எச்சரிக்கைப் பெட்டியிலாவது வரட்டும். வகுப்பில் நான் 'பிளக் ஒயர்' என்றுதான் சொல்வேன், பக்கத்திலேயே கரும்பலகையில் 'தீப்பொறி வடம்' என்றும் எழுதிவிடுகிறேன்.

மறுமொழி – தமிழாசிரியர்

வடத்தில் எனக்கு மகிழ்ச்சி. உறையிலும் மறுப்பில்லை. ஆனால் பிளக்கை அப்படியே விட்டதில் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பொறிமுளையைவிடச் சிறந்த சொல்லை யாராவது காட்டினால் உடனே ஏற்றுக்கொள்வேன். அதுவரை என் கட்டுரைகளில் பொறிமுளை என்றே எழுதுவேன்.